மேசைக்குக் கீழே கால்கள்

செய்தி வாசிப்பவருக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு கிடையாது. யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி இது. ஒரு மேசை, மேசை மேல் நாலு தாள், அதற்கு மேல் ஒரு முகம். அந்த முகம் சொன்னால் அது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. கோவைப் பக்கம் அது ஒழுங்காகத் தெரிய இன்னும் பல வருஷம் ஆச்சு. கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு வந்த பிறகுதான் நம்ம ஊர் மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் வரிசையாக முளைத்தன. ஒருத்தர் மேலே நின்று கம்பியைத் திருப்புவார், கீழே இருந்து இன்னொருத்தர் "தெரியுதுங், அப்படியே வுடுங்" என்று கத்துவார். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த படத்தில் வந்த ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு எல்லாம் வீட்டு மனுஷங்க மாதிரி ஆகிப்போனாங்க. ஷோபனா ரவி அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தார் என்பது மறுநாள் தண்ணிக் குழாயடியில் பேச்சு. சேலையின் முந்தானை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். கொசுவம் யாருக்கும் தெரியாது.

அதே தூர்தர்ஷனில் எச். ராமகிருஷ்ணனும் செய்தி வாசித்தார். சின்ன வயதிலேயே போலியோவால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர். பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பேருக்கு அது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் மேசைக்கு முன்னால் இல்லை. 1992-ல் பாலசந்தர் எடுத்த ‘வானமே எல்லை’ படத்தில் ராமகிருஷ்ணன், ராமகிருஷ்ணனாகவே வருவார். தற்கொலை செய்துகொள்ள நாள் குறித்த இளைஞர்களுக்கு முன்னால் அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் இயக்குநர். அந்தக் காட்சிக்கு வலு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், தினமும் பார்த்த முகத்துக்கு ஒரு உடம்பும் இருக்கிறது என்ற திடீர் அறிதலில் இருந்துதான். வேறு நடிகர் ஒருவர் அந்தப் பாத்திரத்தில் நடித்திருந்தால் அது நடந்திருக்காது.

இதையே வேறு விதமாகவும் கேட்கலாம். செய்தி வாசித்துச் சம்பாதித்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு ஒருத்தர் மேசையை விட்டு வெளியே வந்து, "உங்க உடம்பை இப்படி வெச்சுக்கங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? தமிழ்ச் செய்தி வாசிப்பாளர்கள் பலர் சீரியலுக்குப் போனார்கள், நாடகத்துக்குப் போனார்கள், அரசியலுக்கும் போனார்கள். உடற்பயிற்சிப் பக்கம் நம்ம ஊரில் வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன். செய்தி மேசையிலிருந்தே நேராக அந்தப் பக்கம் போன ஒருவரின் கதை இங்கிலாந்தில் இருக்கிறது. ஆஞ்செலா ரிப்பன்.

1944 அக்டோபர் 12-ல் பிளிமத் துறைமுக நகரத்தில் பிறந்தவர். அப்பா கடற்படைப் பிரிவில் சிப்பாய். பதினேழு வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் புகைப்படப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரைக்கும் பாலே நடனம் கற்றிருந்தார். இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1966-ல் பிளிமத் பி.பி.சி.யில் தொலைக்காட்சி வேலை, பிறகு தேசிய அளவில் செய்தியாளர், 1975-ல் பி.பி.சி.யின் ஒன்பது மணிச் செய்தியை வழக்கமாக வாசிக்கும் முதல் பெண்.

"வழக்கமாக" என்ற சொல் முக்கியம். அவருக்கு முன்னாலேயே 1960-ல் நான் விண்டன் என்ற பெண்ணை பி.பி.சி. இரவுச் செய்திக்கு உட்கார வைத்தது. ஒரு பெண் ராத்திரிச் செய்தி வாசிப்பது சரிப்படவில்லை என்று பார்வையாளர்கள் சொன்னதாகக் காரணம் காட்டிச் சில மாதங்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1955-ல் போட்டித் தொலைக்காட்சியான ஐ.டி.என்.-இல் பார்பரா மாண்டல் மதியச் செய்தி வாசித்திருக்கிறார். ஆக, மதியம் பரவாயில்லை, ராத்திரி கூடாது. போர், பட்ஜெட், வேலைநிறுத்தம் மாதிரிப் பெரிய விஷயங்கள் ராத்திரிச் செய்தியில் வருபவை. அதற்கு ஆம்பளைக் குரல் வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நாற்காலியில் பதினைந்து வருஷம் கழித்துத்தான் ஒரு பெண் நிலைத்து உட்கார முடிந்தது. உட்கார்ந்தவர் அசையாமல், சிரிக்காமல், சுருதி பிசகாமல் வாசித்தார். வேறு வழியில்லை. கொஞ்சம் தளர்ந்தாலும் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்ல நாடே காத்திருந்தது.

1976 கிறிஸ்துமஸ். மோர்கம்ப் - வைஸ் என்ற நகைச்சுவை இரட்டையரின் நிகழ்ச்சி. நம்ம ஊரில் தீபாவளிக்குப் பட்டிமன்றம் மாதிரி, அங்கே கிறிஸ்துமஸ் ராத்திரி வீட்டுக்கு வீடு ஓடுவது அது. ரிப்பன் வழக்கம்போல மேசைக்குப் பின்னால் செய்தித் தாளோடு உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று மேசை இரண்டாகப் பிரிந்து ஒதுங்குகிறது. அவர் எழுந்து வருகிறார். நீளப் பாவாடை விலக, காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி ஆடுகிறார். ஒரு நாடே வாயைப் பிளந்தது. நகைச்சுவை என்று எடுத்த காட்சிதான். ஆனால் அதில் யாரும் வழுக்கி விழவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. செய்தி வாசிக்கும் அம்மாவுக்குக் கால் இருக்கிறது என்பதுதான் மொத்த நகைச்சுவையும்.

இந்தக் காட்சியை ரொம்பப் பேர் கொண்டாட்டமாக மட்டும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் செய்தியாளராக உழைத்த ஒரு பெண்ணை அதற்கப்புறம் எல்லாரும் கால்களுக்காகவே நினைவு வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர் எந்தப் பேட்டி கொடுத்தாலும் அந்தக் கேள்வி வந்தே தீரும். அதே கால்கள்தான் அவருக்கு இரண்டாவது வாழ்க்கையையும் கொடுத்தன என்பதையும் மறைக்க முடியாது. 1977-ல் லண்டனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் தொகுப்பாளர், அதே வருஷம் ‘டாப் கியர்’ என்ற கார் நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர்களில் ஒருவர். 1980-ல் குதிரையேற்றம் பற்றி ஒரு புத்தகம், குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள். 1981-ல் செய்தி நாற்காலியை விட்டு எழுந்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே சுவாரசியமான இடம்.

1983 ஜனவரி 17 அன்று பி.பி.சி. காலை ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை பிரிட்டனில் காலையில் தொலைக்காட்சி பார்க்கும் வழக்கமே கிடையாது. இரண்டு வாரம் கழித்துப் பிப்ரவரி 1-ல் போட்டிக்கு டி.வி-ஏ.எம். என்ற தனியார் நிறுவனம் வந்தது. அதை ஆரம்பித்த நட்சத்திரங்களில் ரிப்பன் ஒருவர், இன்னொரு புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர் ஆனா ஃபோர்ட் மற்றொருவர். காலையிலும் மக்களுக்குத் தரமான, கனமான செய்தி கொடுப்போம் என்பது அவர்கள் கணக்கு. எதிர்ப் பக்கம் பி.பி.சி. என்ன செய்தது தெரியுமா? சோபா போட்டது. ஜாதகம் சொல்ல ஆள் வைத்தது. பச்சை நிற இறுக்க உடையில் டயானா மோரன் என்ற பெண்ணை ரயில் நிலையத்தில் நிறுத்தி, வேலைக்கு ஓடும் ஜனங்களைக் கையைக் காலை ஆட்ட வைத்தது. ‘பச்சைத் தேவதை’ என்று அவருக்குப் பேர் வந்துவிட்டது.

கனமான செய்தி தோற்றது. டி.வி-ஏ.எம். பார்ப்பவர்கள் சரசரவென்று குறைந்தார்கள். தலைமை அதிகாரி போனார். அவருக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசிய ரிப்பனையும் ஆனா ஃபோர்டையும் ஏப்ரலில் வேலையை விட்டு அனுப்பினார்கள். (ஆனா ஃபோர்ட் ஒரு விருந்தில் புது நிர்வாகியின் மேல் ஒயினை வீசினார். அது தனிக் கதை.) நிறுவனத்தைக் காப்பாற்றியது ரோலண்ட் ராட் என்ற எலிப் பொம்மை. கூடவே லிஸி வெப் என்ற உடற்பயிற்சி ஆசிரியையும் அங்கே வந்து நிலைத்துவிட்டார். இரண்டு சேனலிலும் உடற்பயிற்சி நின்றது, செய்தி மேதைகள் வெளியேறினார்கள்.

செய்தியும் உடம்பும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த காலம் அது. ராத்திரிச் செய்தியில் முகம் மட்டும் போதும். பார்ப்பவர் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருக்கிறார். காலையில் பார்ப்பவர் பல் துலக்கிக்கொண்டு, பிள்ளைக்கு டிபன் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய உடம்பு இயங்கிக்கொண்டிருக்கிறது, திரையில் இருப்பவரும் இயங்க வேண்டியதாயிற்று. 1987-ல் தூர்தர்ஷன் காலை ஒளிபரப்பு ஆரம்பித்தபோது நமக்கும் இது வந்தது. செய்திக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு யோகாசன நிகழ்ச்சி. இன்றைக்கு எந்தத் தமிழ்ச் சேனலைக் காலை ஆறரைக்குப் போட்டாலும் அந்த அமைப்பு மாறவில்லை. ராசிபலனும் அப்படியே இருக்கிறது.

ரிப்பன் சிறிது காலம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். 1988 முதல் 1991 வரை ‘கம் டான்சிங்’ என்ற நடன நிகழ்ச்சியின் தொகுப்பாளர். 2000-லிருந்து நாலு வருஷம் இங்கிலாந்து தேசிய பாலே நிறுவனத்தின் தலைவர். ஐம்பது கடந்த பெண்கள் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய அம்மாவுக்கு மறதிநோய் வந்தது. அதற்குப் பிறகு அந்த நோய் பற்றிய பிரசாரம் அவருடைய முக்கிய வேலையாகவே ஆனது. 2016-ல் பி.பி.சி.யில் முதுமையைத் தள்ளிப்போடுவது பற்றி ஒரு தொடரும், மறதிநோய் பற்றி ஒரு நிகழ்ச்சியும் வழங்கினார். 2023-ல் ‘ஸ்ட்ரிக்ட்லி’ நடனப் போட்டியில் கலந்துகொண்டபோது வயது 78. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே 79 ஆனது. முதல் வாரத்திலேயே காலைத் தூக்கிக் காட்டினார். 1976-ல் மேசைக்குப் பின்னாலிருந்து வந்த அதே கால்.

டயானா மோரன் பாதை வேறு. அவர் செய்தி மேசையிலிருந்து வரவில்லை, உடற்பயிற்சியே அவர் தொழில். 1939-ல் பிறந்தவர். மியூர் கிரே என்ற மருத்துவரோடு சேர்ந்து 2017-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொல்வதானால், "உட்கார்ந்தது போதும், எந்திரிச்சு நடங்க". தலைப்பே புத்தகம். பாக்கிப் பக்கங்களைப் படிக்காவிட்டாலும் பாதகமில்லை.

உட்காருவது ஒரு பிரச்சினை என்பதற்கு அறிவியல் அடிப்படையும் லண்டனில்தான் கிடைத்தது. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரண்டு மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஒரே வண்டி, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே கூலி. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கிறார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை இதயத்தை என்ன செய்யும் என்ற கேள்வி அங்கிருந்துதான் பெரிதாகக் கிளம்பியது.

இதைப் படித்தபோது எனக்குத் திருப்பூர்தான் ஞாபகம் வந்தது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு நாள் முழுக்கக் குனிந்த முதுகு. செக்கிங், அயர்ன் பண்ணுகிறவர்களுக்கு நாள் முழுக்க நின்ற கால். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர் நடக்கிறார்தான், ஆனால் நாலு தறிக்கு நடுவில் அதே பத்தடி. கொங்கு நாட்டில் உடம்பு உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே மாதிரி உழைக்கிறது, அதுதான் சங்கடம். இப்படிப்பட்ட உடம்புக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

முதலில் வந்த பதில் பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை. பஞ்சாலைகள் பெருகிய கோவையில் அதோடு தேகப்பயிற்சிச் சாலைகளும் இருந்தன. இராமநாதபுரத்தில் 1915-ல் பிறந்த சின்னப்பா தேவர் பங்கஜா மில்லில் வேலை பார்த்தவர், உடற்பயிற்சிச் சாலை நடத்தியவர். பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ‘சாண்டோ’ ஒரு ஜெர்மானியரின் பெயர். யூஜின் சாண்டோ மேடையில் தசையைக் காட்டிப் பேர் வாங்கி, 1897-ல் வலிமை பெறுவது எப்படி என்று புத்தகம் எழுதி, உடற்பயிற்சிக்கென்றே பத்திரிகையும் நடத்தியவர். 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். புகழ், உடம்பு, புத்தகம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய முதல் ஆள் அவர் என்று சொல்லலாம். தேவருக்கு அந்த உடம்பு சினிமாக் கதவைத் திறந்தது. சண்டைக் காட்சிகளில் ஆரம்பித்து 1956-ல் தேவர் பிலிம்ஸ், எம்.ஜி.ஆர். படங்கள், மருதமலைத் திருப்பணி என்று போனது அந்த வாழ்க்கை. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தச் சாலைகளில் பெண்களுக்கு இடம் இல்லை. ஐம்பது வயது தறிக்காரருக்கும் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு கோவணத்தோடு நிற்கும் இளவட்டங்களின் இடம் அது.

இரண்டாவது பதிலைச் சொன்னவர் ஒரு நெசவாளர். வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். தறி நெய்து, நெசவுத் தொழில் நடத்தி, அதன் லாப நட்டம் இரண்டையும் பார்த்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கம். 1984-ல் பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறில் அறிவுத் திருக்கோயில். 2006 மார்ச்சில் காலமானார். அவருடைய தத்துவத்தைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு, அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். இங்கே அவரை ஓர் உடற்பயிற்சி நூலாசிரியராக மட்டும் பார்க்கிறேன். ‘எளியமுறை உடற்பயிற்சி’ மெல்லிய புத்தகம். வேதாத்திரி பதிப்பகம், ஈரோடு என்ற முத்திரையோடு வருவது.

வரிசை இப்படிப் போகும். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல். கால்பயிற்சியை உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். பாதத்தைப் பிடித்து அழுத்திவிடுவது, கணுக்காலைச் சுழற்றுவது. மகராசனம் படுத்துக்கொண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. தொலைக்காட்சியில் காட்டினால் சேனலை மாற்றிவிடுவார்கள். காலைத் தலைக்கு மேல் தூக்குகிற சமாச்சாரம் எதுவும் கிடையாது. ஆனால் கொங்கு நாட்டில் சின்ன ஊர்களில்கூட ஒரு மனவளக்கலை மன்றம் இருக்கும். அதிகாலையில் போய்ப் பார்த்தால் மளிகைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், சர்க்கரை வந்த அத்தை, தறிக்காரர் எல்லாரும் பாய் விரித்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முகத்தை நம்பி யாரும் அங்கே வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்தார், அதனால் வந்தார்கள். சொல்லிக்கொடுப்பவரும் போன வருஷம் கற்றுக்கொண்ட இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மூன்றாவது நானம்மாள் பாட்டி. பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதுவாக்கில் அப்பாவிடம் ஆசனம் கற்றார். கல்யாணம் ஆகி, அஞ்சு பிள்ளை பெற்று, விடாமல் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று குடும்பமே யோகா ஆசிரியர்களாக ஆனார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் இது நடந்தும் வெளி உலகத்துக்கு ஒன்றும் தெரியாது. தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான் கேமராக்கள் கணபதிக்கு வந்தன. சேலையோடு ஒரு கிழவி உடம்பை வில்லாக வளைக்கும் வீடியோ செய்திச் சேனல்களில் ஓடியது. 2016-ம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது, 2018-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 26-ல், 99 வயதில் காலமானார்.

ரிப்பனையும் நானம்மாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ரிப்பனை முகத்தால் முதலில் தெரிந்துகொண்டார்கள், உடம்பு பிறகு வந்தது. மேசையில் சேர்த்த நம்பிக்கையைச் செலவழித்துத்தான் அவர் முதுமை பற்றிப் பேசினார். நானம்மாளுக்கு உடம்புதான் முதலில், முகம் கடைசிப் பத்து வருஷத்தில் வந்தது. ஆனால் கேமரா இரண்டு பேரிடமும் கேட்டது ஒன்றையேதான். "எங்கே, அந்தக் காலை இன்னொரு தடவை தூக்குங்க." எழுபதுக்கு மேற்பட்ட பெண் அசாத்தியமாக ஒன்றைச் செய்து காட்டினால்தான் செய்தி. முட்டிவலியோடு கடைக்கு நடந்து போய் வருபவர் செய்தி இல்லை. இதில் ஆபத்தும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பாலே பழகியவரின் காலும், எட்டு வயதிலிருந்து ஆசனம் பழகியவரின் முதுகும், அறுபது வயதில் டிவி பார்த்து ஆரம்பிக்கிறவருக்கு வழிகாட்டி ஆகாது. வீடியோவைப் பார்த்து ஹலாசனம் போட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டவர்களை எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ரிப்பன் இதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். ‘ஸ்ட்ரிக்ட்லி’க்குப் பிறகு அவர் முன்னெடுத்தது ‘ஆடுவோம்’ என்ற பொருள்படும் நாடு தழுவிய ஒரு பிரசாரம். 2025 மார்ச் 2-ல் அதற்கென ஒரு நாள் வைத்து, எந்த வயதுக்காரரும், நாற்காலியில் உட்கார்ந்தபடிகூட ஏதாவது ஒரு ஆட்டம் ஆடுங்கள் என்றார்கள். அதற்குப் பின்னால் வெறும் உற்சாகம் மட்டும் இல்லை. ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் சராசரி 68 வயதுள்ள கொஞ்சப் பேரை இரண்டாகப் பிரித்து ஒன்றரை வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சைக்கிள், நடை மாதிரி ஒரே விதப் பயிற்சி. மற்றதற்கு நடனம், அதுவும் அடிக்கடி அடவை மாற்றிக்கொண்டே. 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையில் நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகாம்பஸ் பகுதி இரண்டு பிரிவிலும் வளர்ந்திருந்தது. உடம்பின் நிலைநிற்பு நடனமாடியவர்களிடம் மட்டும் மேம்பட்டிருந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்தைப் புரட்ட முடியாது. ஆனால் வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதைப் பார்த்த எவருக்கும் நிலைநிற்பு என்ற சொல்லின் கனம் புரியும்.

புதிதாக அடவு கற்றுக்கொள்ள வேண்டும், கூட்டமாக ஆட வேண்டும், பாட்டுக்குக் கால் போட வேண்டும். இதற்கு ஜெர்மனி போகவேண்டியதில்லை, நம்ம வள்ளி கும்மி போதும். கொஞ்ச வருஷமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அது திரும்ப எழுந்திருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கோயில் முன்னால் மைதானத்தில் பழகுவார்கள். வாத்தியார் பாட, வட்டமாக அடி வைப்பார்கள். சில மாதம் பழகி, ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம். பத்து வயசுப் புள்ளைக்குப் பின்னால் அவளுடைய அம்மா, அதற்குப் பின்னால் அம்மாயி என்று ஆடுவதைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் வாத்தியாருக்கு 87 வயதில், 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட பெருமைகளில் ஒன்று. நான் விண்டனை நாற்காலியை விட்டு எழுப்பிய அதே எண்ணம்தான், பொம்பளைங்களுக்கு எதுக்கு கும்மி என்று இங்கேயும் பேசியிருக்கும்.

ஆனால் அந்த மைதானத்திலும் எல்லாம் வெளிச்சமாக இல்லை. சில கும்மி மேடைகளில் ஆட வந்த பெண்பிள்ளைகளைக் கை நீட்டி நிற்க வைத்து, சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அந்த வீடியோக்களும் செய்தியில் வந்தன. வள்ளி கதையை ஆடிக்கொண்டே இப்படி ஒரு சத்தியம். மலைக்குறத்தியை மணந்த முருகனைப் பாடுகிற பாட்டு அது என்பதை அந்த மேடையில் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. கால்களை ஆட விட்டுவிட்டு, அவை எங்கே போகலாம் என்பதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த உறுதிமொழி இல்லாமல் நடக்கிற கும்மிகளும் நிறைய உண்டு. அங்கே பழகுகிற பெண்களிடம் எதுக்கு வர்றீங்க என்று கேட்டால் பண்பாடு, பாரம்பரியம் என்றெல்லாம் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் முட்டிவலி குறைஞ்சிருக்குதுங் என்பார்கள், ராத்திரி தூக்கம் நல்லா வருதுங் என்பார்கள். பவர் டேபிளில் பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்தவர்கள் அவர்கள்.